இட்டேரிக்கு ஏற்ற வண்டி எது?

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, வயது 34, உயரம் 165 சென்டிமீட்டர், சொந்த ஊர் காங்கேயத்துக்குப் பக்கம், ஞாயிறு ஒரு நாள்தான் லீவு. ஹீரோ பைக்கான எக்ஸ்பல்ஸ் 200 4வி வாங்கலாமா, இல்லை கொஞ்சம் கடன் போட்டு ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 450 வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடைசி வரிதான் முக்கியமாகப் பட்டது: "ஆறு மாசம் ஓட்டிட்டு அப்புறம் மூலையில நிறுத்திடுவேனோன்னு பயமா இருக்குங்கண்ணா." ஆக, கரட்டுப் பாதைக்கென்றே செய்த ஒரு வண்டியை ஒருவர் வருடக்கணக்கில் ஆசையோடு எடுத்து ஓட்ட வைப்பது எது என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். வண்டிப் பெயர் அதற்குள்ளேயே வந்துவிடும்.

நான் ஐடிஐ முடித்துவிட்டு 24 வருடமாகத் தாராபுரம் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். பத்துப் பன்னிரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் மண் பாதையில் ஓட்டுகிறேன். பந்தயம் ஓட்டியவன் கிடையாது. அதனால் மேட்டிலிருந்து தாவிக் குதிப்பது, நேரத்தோடு போட்டி போடுவது பற்றியெல்லாம் என்னிடம் கேட்க வேண்டாம். எந்த வண்டி எத்தனை மாதத்தில் தூசி படிந்து என் ஷெட்டுக்கு வருகிறது, எந்த வண்டி ஆறாவது வருடமும் சேறோடு வருகிறது என்பதை மட்டும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியும்.

அப்படிப் பார்த்ததில் முதலாவது, எடை. விழுந்த வண்டியை ஆள் துணையில்லாமல் நீங்கள் ஒருவரே தூக்கி நிறுத்த முடிய வேண்டும். மண் பாதையில் வண்டி விழத்தான் செய்யும். தூக்க முடியும் என்று தெரிந்தவன் இன்னும் கொஞ்ச தூரம் போய்ப் பார்ப்பான். தூக்க முடியாது என்று மனதுக்குள் பயம் இருப்பவன் தார் ரோட்டோடு நின்றுவிடுவான். அப்படி நிற்கிற வண்டிதான் மூலைக்குப் போகிறது. எக்ஸ்பல்ஸ் 200 4வி 160 கிலோவை ஒட்டி வரும். ஹிமாலயன் 450 பெட்ரோலோடு 196 கிலோ. இடையில் 36 கிலோதானே என்று தோன்றும். ஒரு சிமென்ட் மூட்டையில் முக்கால் பாகம் அது. ஓடைச் சரிவில் வண்டி படுத்துக் கிடக்கும்போது அந்த முக்கால் மூட்டை உங்கள் முதுகில்தான் ஏறும்.

இது என் மேல் பட்ட பாடம். பல வருடம் முன்பு 200 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு வண்டியை ஆசைப்பட்டு வாங்கினேன். ஐப்பசி மழைக்கு அடுத்த நாள், பல்லடத்துக்குத் தெற்கே ஒரு கரிசல் காட்டுப் பாதையில் இறங்கினேன். முதல் 50 அடி நன்றாகப் போனது. அப்புறம் முன் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் களிமண் அடைத்துச் சக்கரமே சுற்றாமல் நின்றது. வண்டி சாய்ந்தது. குச்சியால் மண்ணைக் குத்தி எடுக்க அரை மணி நேரம். தூக்க மூன்று முறை முயன்று முடியாமல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துத் தோட்டத்தில் களை வெட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் வந்து கை கொடுத்தார்கள். அதன் பிறகு அந்த வண்டியை நான் மண்ணில் இறக்கவே இல்லை, அடுத்த தை மாதம் விற்றுவிட்டேன். வண்டியில் ஒரு குறையும் இல்லை. என் உடம்புக்கும் நான் போக நினைத்த பாதைக்கும் அது பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

நம் ஊரில் எடையின் அருமை தெரிந்தவர்கள் பால்காரர்கள். ஓசூரில் 1980ல் டிவிஎஸ் 50 வந்தது முதல் இன்றைய எக்ஸ்எல் 100 வரை, இரண்டு பக்கமும் பால் கேன் தொங்க, காலில் ரப்பர் செருப்போடு, இரண்டு வேலிக்கு நடுவே போகிற எந்த இட்டேரியிலும் போய் வருகிறார்கள். இரண்டு மூன்று கைச்சாண் அகலமுள்ள வாய்க்கால் வரப்பில்கூடப் போவார்கள். சஸ்பென்ஷன் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, சக்கரம் சின்னது, ஆனாலும் போகிறது. நீங்களும் சின்ன வயதில் அதில்தான் ஓட்டிப் பழகியிருப்பீர்கள். அந்த வண்டி கொடுத்த தைரியத்தை நினைத்துப் பாருங்கள். விழுந்தால் காலால் தள்ளிவிட்டு எழலாம் என்பதால் வந்த தைரியம் அது. பாலைவனப் பந்தயமான டாக்கர் ராலியிலேயே 450 சிசிக்கு மேல் பைக்குக்கு இப்போது அனுமதி கிடையாது. பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் ஷொர்ணூர்க்காரரான ஹாரித் நோவா 2024ல் அங்கே ராலி 2 பிரிவில் முதலிடம் வாங்கியதும் 450 சிசி வண்டியில்தான். பாலைவனத்துக்கே அது போதுமென்றால் நம் காங்கேயத்துக்கு 200 சிசி தாராளம்.

இரண்டாவது காரணத்தை யாரும் கடையில் சொல்ல மாட்டார்கள்: வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் மண் பாதை இருக்கிறதா? பாதையைத் தொடவே ஒன்றரை மணி நேரம் ரோட்டில் போக வேண்டும் என்றால், எந்த வண்டியானாலும் மூன்றாவது மாதம் சலித்துவிடும். இந்த விஷயத்தில் நீங்கள் கொடுத்து வைத்தவர். காங்கேயத்தைச் சுற்றி இட்டேரி இல்லாத திசையே இல்லை. இரண்டு பக்கமும் முள்கிளுவை வேலி, நடுவில் ஒரு மாட்டு வண்டி போகிற அகலம், கீழே செம்மண்ணும் சுண்ணாம்புக்கல்லும். ஊதியூர், சிவன்மலை, சென்னிமலை என்று கண்ணுக்கு ஒரு மலை அடையாளம் இருந்துகொண்டே இருப்பதால் வழி தவறினாலும் திசை தவறாது. கீழ்பவானி வாய்க்கால் கரையும் கிட்டம்தான். வழக்கமாக ஆகஸ்ட் நடுவில் தண்ணீர் திறந்துவிடுவார்கள். அதன் பிறகு கரை பல இடத்தில் ஊறி வழுக்கும், ஒரு பக்கம் ஆழமான நீர். அந்த மாதங்களில் நான் கரைப் பக்கம் போவதில்லை, உங்களுக்கும் அதையே சொல்வேன்.

போகிற இடத்தில் நம்மை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதும் இந்தச் சந்தோஷத்தில் பாதி. கொறங்காடு தனியார் நிலம். மேய்ச்சலுக்கென்று தலைமுறையாக வைத்திருப்பது. கேட்காமல் உள்ளே போகக் கூடாது. கேட்டுப் போனால் திறந்த படலைத் திரும்பச் சாத்திவிட்டு வர வேண்டும். ஒருமுறை முத்தூர் பக்கம் இட்டேரியில் திரும்பினேன், எதிரே முப்பது நாற்பது செம்மறி. பின்னால் வந்த ஆத்தா கையைக் காட்டி, "மெல்லப் போ சாமி, சினையாடு இருக்குது, மெரண்டா வேலிக்குள்ள பூந்துரும்" என்றார். இன்ஜினை அணைத்து வண்டியை வேலியோரம் சாய்த்து நின்றேன். ஆடுகள் என் முழங்காலை உரசிக்கொண்டு போயின. போகும்போது, "அந்தப் பக்கம் போகாத, பள்ளத்துல தண்ணி நிக்குது" என்று வழியும் சொல்லிவிட்டுப் போனார். சைலன்சரைக் கழற்றி வெடிச்சத்தம் போடுகிற வண்டிக்கு இந்த வரவேற்பு கிடைக்காது. வெளியே விற்கிற சத்தமான சைலன்சரைப் போடவே போடாதீர்கள். சட்டப்படியும் தப்பு, கிராமத்திலும் பெயர் கெடும், அடுத்து வருகிறவனுக்கும் வழி அடைபடும்.

காட்டைப் பற்றி ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சத்தியமங்கலமும் ஆனைமலையும் புலிகள் காப்பகம். திம்பத்தில் 27 கொண்டை ஊசி, வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70 என்று தார் ரோட்டில் ஏறி வாருங்கள், அருமையான ரோடுகள். ரோட்டை விட்டு ஒரு அடி காட்டுக்குள் இறக்கினாலும் வனச் சட்டப்படி குற்றம். குற்றம் என்பதற்கு முன்னால், அது யானையின் வழி. ஓட்ட நமக்கு இட்டேரி போதும்.

மூன்றாவது, வண்டியின் அளவும் அமைப்பும். உங்கள் உயரத்துக்கு எக்ஸ்பல்ஸின் 825 மில்லிமீட்டர் சீட் உயரம் என்றால் இரண்டு காலும் ஒரே நேரத்தில் முழுதாக ஊன்றாது. நிறையப் பேர் இதைப் பார்த்துப் பயந்து பின்வாங்குகிறார்கள். பின் சஸ்பென்ஷனைத் தாழ்த்தச் சொல்லி என்னிடம் வருகிறவர்களும் உண்டு. நான் செய்து கொடுப்பதில்லை. தாழ்த்தினால் தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள எந்த 220 மில்லிமீட்டர் இடைவெளிக்காக (கிரவுண்ட் கிளியரன்ஸ்) வாங்கினீர்களோ அது போய்விடும், வண்டி திரும்புகிற விதமும் மாறும். நிற்கும்போது இடுப்பைச் சீட்டிலிருந்து ஒரு பக்கம் நகர்த்தி, ஒரு காலை முழுப் பாதமாக ஊன்றுங்கள். இரண்டு வாரத்தில் பழகிவிடும். இங்கும் எடைதான் பேசுகிறது. 160 கிலோவை ஒரு காலில் தாங்கலாம், 196 கிலோவைச் சரிவில் தாங்குவது வேறு. முன்னால் 21 இன்ச் சக்கரம் இரண்டு வண்டியிலுமே உண்டு, அது கட்டாயம் வேண்டும். பெரிய சக்கரம் கல்லில் முட்டி நிற்காமல் அதன் மேல் ஏறி உருண்டு போகும்.

கடையில் டெஸ்ட் ரைடு போகும்போது வேகமாக ஓட்டிப் பார்க்காதீர்கள். முதல் கியரில் போட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் கிளட்ச்சை முழுதாக விடுங்கள். கூட நடந்து வருகிற ஆளின் வேகத்துக்கு, உதறாமல் அணையாமல் போகிறதா என்று பாருங்கள். மண்ணில் உங்கள் நேரத்தில் பாதி அந்த வேகத்தில்தான் போகும். அப்புறம் ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்று ஓட்டிப் பாருங்கள். ஹேண்டில்பாருக்கு முதுகு குனிகிறதா, முழங்கால் டேங்கைப் பிடிக்கிறதா, நின்றபடியே பின் பிரேக்குக்குக் கால் போகிறதா? கரட்டில் நின்றுதான் ஓட்ட வேண்டும். முழங்காலும் கணுக்காலும் அப்போது இன்னொரு சஸ்பென்ஷனாக வேலை செய்யும், கீழே வண்டி தன் போக்கில் ஆட இடம் கிடைக்கும். கிளட்ச், பிரேக் லீவர் இரண்டையும் கொஞ்சம் கீழே திருப்பி வையுங்கள், நின்று ஓட்டும்போது மணிக்கட்டு மடங்காது. கிளாம்ப்புக்கு அடியில் பிளம்பர் சுற்றுகிற டெஃப்லான் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றி, போல்ட்டை அளவாக இறுக்குங்கள். விழும்போது லீவர் உடையாமல் சுழன்று கொடுக்கும். பத்து ரூபாய் வேலை, என் கடையில் ஆயிரக்கணக்கான ரூபாய் உதிரி பாகத்தைக் காப்பாற்றியிருக்கிறது.

பிரேக்கில் ஒரு சந்தேகம் எல்லோருக்கும் வரும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிற ஏபிஎஸ் ரோட்டில் உயிர் காக்கும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. உதிரி மண்ணிலும் சரளையிலும் அது பிரேக்கை விட்டு விட்டுப் பிடிப்பதால் வண்டி நிற்கும் தூரம் கூடும். பூட்டிய சக்கரம் தனக்கு முன்னால் மண்ணைக் குவித்துக்கொண்டு நிற்கும் என்பதுதான் காரணம். அதனால் மண்ணில் பின் ஏபிஎஸ் குறுக்கே வராத வண்டி நல்லது. முன் ஏபிஎஸ்ஸையும் எடுத்துவிடலாமா என்றால், தேர்ந்தவர்கள் எடுக்கிறார்கள். புதிதாக ஓட்டுகிறவர் எடுக்க வேண்டாம் என்பது என் எண்ணம். இதில் அனுபவசாலிகளுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு.

ஹிமாலயன் பக்கத்து நியாயத்தையும் சொல்லாமல் விட்டால் தப்பு. 40 குதிரைத்திறன், கூலன்ட்டில் குளிர்கிற இன்ஜின். அவிநாசியிலிருந்து சேலம் வரை பைபாஸில் மனைவியையும் பையையும் வைத்துக்கொண்டு நூறில் போவதென்றால் அதுதான் வண்டி. எக்ஸ்பல்ஸ் 80, 85க்கு மேல் முனகும், லாரியைத் தாண்டக் கணக்குப் போட வேண்டும். ஆடிக்காற்று கணவாய் வழியாக அடிக்கிற மாதங்களில் பல்லடம், உடுமலை வெட்டவெளியில் எடை குறைந்த வண்டி பக்கவாட்டில் தள்ளப்படுவதும் உண்மை. வருடத்தில் உங்கள் ஓட்டத்தில் முக்கால்வாசி ரோடு என்றால் நான் இதுவரை எழுதியதைப் புரட்டிப் போட்டுக்கொள்ளலாம். 2025ல் வந்த எக்ஸ்பல்ஸ் 210 இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கூலன்ட் இன்ஜின், ரோட்டில் இழுவை நன்றாக இருக்கிறது, எடை பத்துக் கிலோ போலக் கூடுதல். அதையும் ஓட்டிப் பாருங்கள். ஆனால் நீண்ட நாள் உழைப்பைப் பற்றி நான் உத்தரவாதம் தரக்கூடிய அளவுக்கு அது பழையது ஆகவில்லை.

அப்புறம், வைத்திருப்பதில் உள்ள சந்தோஷம். இந்த வண்டிகள் கையால் தொடுகிறவருக்குத்தான் நன்றாக இருக்கும். ஞாயிறு மதியம் வந்ததும் அரை மணி நேரம் அதற்கென்று ஒதுக்குங்கள். ஒரு சின்ன ஸ்க்ரூட்ரைவரை எடுத்து ஒவ்வொரு ஸ்போக்காகத் தட்டிக்கொண்டே சக்கரத்தைச் சுற்றுங்கள். இறுக்கமானது 'டிங்' என்று ஒரே சுரத்தில் பேசும். தளர்ந்தது மட்டும் 'டொக்' என்று செத்த சத்தம் தரும். அதைக் கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். புது வண்டியில் முதல் சில நூறு கிலோமீட்டரில் ஸ்போக் கட்டாயம் தளரும். முன் ஃபோர்க்கில் எண்ணெய் கசிந்தால் உடனே ஆயில் சீல் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் சீல் உதட்டில் ஒரு மணல் துகள் மாட்டியிருக்கும். பழைய எக்ஸ்ரே ஃபிலிமை விரல் அகலத்துக்கு வெட்டி, நுனியைக் கொக்கி போல வளைத்து, டஸ்ட் சீலை இறக்கிவிட்டு உள்ளே சுற்றி இழுத்தால் துகள் வந்துவிடும். செயினை ரோட்டு வண்டி போல டைட்டாக வைக்காதீர்கள். பின் சக்கரம் மேலே போகும்போது செயின் இன்னும் இறுகும். ஏற்கெனவே இறுக்கமாக இருந்தால் கியர்பாக்ஸ் பேரிங்கைத் தின்னும். ஏர் ஃபில்டரில் நம் செம்மண் தூசி குங்குமம் போலப் படியும், முன்னால் போகிற வண்டியின் புழுதியிலேயே ஓட்டினால் இன்னும் சீக்கிரம். கம்பெனி சொன்ன கிலோமீட்டர் ரோட்டுக்கானது, நீங்கள் மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

டயர் காற்று மண்ணில் நான் முன்னால் 20 பிஎஸ்ஐ, பின்னால் 22 வைக்கிறேன், என் எடை 70 கிலோ. அதற்குக் கீழே போனால் கல்லில் ரிம் அடித்து ட்யூப் கிள்ளுப்பட்டுப் போகும். வேலமுள் பஞ்சர் வராமல் ஒரு வருடமும் போகாது. ஒரு 21 இன்ச் ட்யூப், இரண்டு டயர் லீவர், ஒரு கைப்பம்பு எப்போதும் பையில் இருக்கட்டும். அவசரத்துக்கு முன் ட்யூபைப் பின்னாலும் போட்டு வீடு வந்து சேரலாம். பின் ட்யூபை முன்னால் போட முடியாது. வீட்டு வாசலிலேயே ஒருமுறை கழற்றி மாட்டிப் பழகிவிடுங்கள்.

பட்ஜெட்டில் வண்டிக்கு முன்பே பூட்ஸுக்குப் பணம் ஒதுக்குங்கள். கணுக்காலை மூடுகிற, அடிப்பாகம் மடங்காத பூட்ஸ். ஒரு மார்கழிக் காலையில் கான்வாஸ் ஷூவோடு போய், சறுக்கின வண்டியைக் காலால் ஊன்றி நிறுத்தப் பார்த்தேன். கல்லுக்கும் ஃபுட்ரெஸ்டுக்கும் நடுவில் கால் மாட்டி எலும்பு விரிசல், இரண்டு மாதம் கடை சாத்தியிருந்தது. வண்டி விழுந்தால் விழட்டும், காலை ஊன்றாதீர்கள். தூக்குவதற்கு முறை இருக்கிறது. இன்ஜினை அணைத்து, கியரில் போட்டு, ஹேண்டில்பாரை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி, வண்டிக்கு முதுகு காட்டிக் குந்தி, ஒரு கையால் ஹேண்டிலையும் மறு கையால் சீட்டுக்குப் பின்னால் உள்ள கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு, தொடையின் பலத்தில் பின்னோக்கி நடந்து எழுங்கள். வலது பக்கம் விழுந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டை விரித்து வைத்துவிடுங்கள், தூக்கும்போது இடது பக்கம் சாய்ந்துவிடாமல் நிற்கும்.

ஆக, நீங்கள் சொன்ன கணக்குக்கு என் பதில் எக்ஸ்பல்ஸ் 200 4வி. மிச்சமாகும் பணத்தில் பூட்ஸ், முழங்கால் கவசம், நல்ல ஹெல்மெட். பழைய வண்டி கிடைத்தால் இன்னும் நல்லது, முதல் கீறல் ஏற்கெனவே விழுந்திருப்பதால் தைரியமாக ஓட்டுவீர்கள். வாங்கும்போது முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டிலை மெல்ல இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள். நடுவில் பள்ளத்தில் விழுந்தது போல ஒரு இடத்தில் பிடித்தால் கோன்செட், அதாவது ஹேண்டில் திரும்புகிற பேரிங், போய்விட்டது. ரிம்மைச் சுற்றிவிட்டு நெளிவு பாருங்கள், படுத்து இன்ஜினுக்கு அடியில் இருக்கிற தகட்டைப் பாருங்கள். தகடு நெளிந்திருப்பது தப்பில்லை, அதன் வேலையே அதுதான். தகட்டுக்கு மேலே இன்ஜின் கேஸில் வெல்டிங் தெரிந்தால் விட்டுவிட்டு வந்துவிடுங்கள். மழைக்கு முன்பா பின்பா என்று கேட்டிருந்தீர்கள். தை பிறந்ததும் வாங்குங்கள். செம்மண் இறுகிக் காய்ந்திருக்கும், கரிசல் வெடித்துக் கிடக்கும், பழகுவதற்கு அதைவிட நல்ல தரை கிடையாது. முதல் இரண்டு மாதம் உங்கள் ஊர் இட்டேரியை விட்டு எங்கேயும் போக வேண்டாம்.